பாட்டி கேட்க, பேரன் வாசிக்க



நீண்ட பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், இந்தப் பிள்ளைகளை ஒரு மாதம் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?" விடியற்காலையில் வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்கு இது நியாயமான கவலைதான். பிள்ளை கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும்; இல்லாவிட்டால் செம்பனைக் காட்டு ஓடையில் குளிக்கப் போய்விடும். இரண்டுமே பெற்ற வயிற்றைக் கலக்குபவை.

சென்ற விடுமுறையில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை தேடிப் பார்த்தோம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேர், எழுபத்தெட்டு வயதான என் அம்மா, நான் ஆக எட்டுப் பேர். இடம், எங்கள் வீட்டு அஞ்சடி. நேரம், மாலை ஐந்து முதல் ஆறு வரை. ஒரு மாதம், வாரத்துக்கு ஒரு புத்தகம். பிள்ளைகள் மாற்றி மாற்றி உரக்க வாசிப்பார்கள்; அம்மா கேட்பார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். கதை கேட்பதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஒரு நாவலை முழுவதும் உரக்க வாசிக்க ஒரு வாரம் போதாது. ஆகவே நான் முன்னதாகவே படித்து, வாசிக்க வேண்டிய பகுதிகளைக் குறித்து வைத்தேன். சிறுவர் காதுக்கு ஏற்காத இடங்களைத் தள்ளினேன். இடைப்பட்ட கதையை வாயால் சொன்னேன்.

புத்தகங்களைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். நான்கும் தோட்டத் தொழிலாளரைப் பற்றியவையாக இருக்க வேண்டும். ஏன் இந்த விதி என்று கேட்பீர்கள்.

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் கெல்லி மாளிகை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சுற்றுப்பயணிகள் கட்டணம் கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை கட்டத் தொடங்கினார். 1926ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் அவர் இறந்துபோக, மாளிகை முடிவுறாமலே நின்றுவிட்டது. இவ்வளவையும் எங்கள் பிள்ளைகள் சொல்வார்கள். ஆனால் அந்தச் செங்கற்களைச் சுமந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள். நோய் பரவித் தொழிலாளர்கள் மடிந்தபோது அவர்கள் வேண்டிக் கேட்டுக் கட்டப்பட்ட மாரியம்மன் கோவில் அருகிலேயே இருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயரையாவது சொல் பார்க்கலாம் என்றால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். துரைக்கு மாளிகை இருக்கிறது. சுமந்தவனுக்கு என்ன இருக்கிறது? புத்தகத்திலாவது இருக்கிறானா என்று பார்க்கத்தான் இந்த விதி.

முதல் வாரம் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1935ஆம் ஆண்டு வெளிவந்த கதை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் அல்லலுற்ற தமிழ்ப் பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடினாரே, அந்தப் பாட்டில் வரும் சொல்லையே கதைக்குப் பெயராக வைத்தார் புதுமைப்பித்தன். திருநெல்வேலிச் சீமைக் கிராமம் ஒன்றிலிருந்து மருதி என்ற பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ப் படும் பாடுதான் கதை.

"பாட்டி, இது சிலோன் கதையாச்சே, நமக்கு எதுக்கு?" என்று முதல் நாளே ஒரு பையன் கேட்டான்.

"ஊரு பேருதான்யா வேற. ஏமாத்திக் கூட்டிக்கிட்டுப் போற பேச்சு ஒண்ணுதான்" என்றார் அம்மா.

அதன்பிறகு புத்தகம் மடியிலேயே கிடந்தது. அம்மா தம் தாயார் சொன்னதைச் சொல்லத் தொடங்கிவிட்டார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியது. வழியெல்லாம் வாந்தி எடுத்தது. பினாங்கை அடைந்ததும் நேரே ஊருக்குள் விடாமல் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்தது. கங்காணி ஊரில் சொன்ன வேலை ஒன்று, இங்கே கொடுத்த வேலை வேறு என்று கண்டது. நான் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். தோட்ட வேலைக்கு இப்படி உதவிப்பணம் கொடுத்து ஆள் அனுப்புவதை 1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் தடை செய்தது. "அப்போ எங்கம்மா கடைசிக் கப்பல் கூட்டத்துல வந்திருக்கா" என்றார் அம்மா. இத்தனை ஆண்டுகளாக அம்மாவிடம் கதை இருந்தது, என்னிடம் ஆண்டு இருந்தது. இரண்டும் சந்தித்துக்கொள்ள மருதி வர வேண்டியிருந்தது.

இரண்டாவது வாரம் 'எரியும் பனிக்காடு'. வால்பாறைப் பக்கத்து ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல், தாம் அறிந்தவற்றை வைத்து 1969ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் எழுதிய நாவல் இது. இரா. முருகவேள் தமிழாக்கினார். 2013ஆம் ஆண்டு வெளிவந்த 'பரதேசி' திரைப்படம் இந்த நாவலைத் தழுவியது என்றால் பலருக்கும் உடனே விளங்கும். கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதி மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்பது அவர்கள் எண்ணம். கணக்குத் தீர்க்கும் நாள் வருகிறது. கடன் மட்டும் தீரவில்லை.

இந்த இடத்தில் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொன்னேன். முன்பணம் இவ்வளவு, வழிச்செலவு இவ்வளவு, கம்பளி இவ்வளவு, அரிசி இவ்வளவு, காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி இல்லை என்று நானே சில எண்களைக் கொடுத்தேன். கூட்டிக் கழித்துப் பார்த்த ஒரு பெண்பிள்ளை, "டீச்சர், எப்படிப் போட்டாலும் பாக்கி நிக்குது" என்றாள். சரியாகத்தான் போட்டிருக்கிறாய் அம்மா, கணக்கே அப்படி அமைக்கப்பட்டது என்றேன். பாடப்புத்தகத்து வட்டிக் கணக்கைவிட அது அவள் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கும். நாளைக்கு அவள் தவணையில் பொருள் வாங்கும்போது நினைவுக்கு வந்தால் நல்லதுதானே.

ஆனால் அந்த வாரக் கடைசியில் அம்மா ஒரு குறை சொன்னார். "எல்லாம் சரிதான். ஆனா இதுல சிரிப்பே இல்லையே. அழுதுக்கிட்டே இருந்தா விடியக்காலையில எழுந்து பெரட்டுக்குப் போக முடியுமா?" என்றார். திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படத்துக்குப் பாய் தூக்கிக்கொண்டு ஓடியது, கோவில் திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்னதாகவே சீட்டுக் கட்டிச் சேலை எடுத்தது, பால் வெட்டும்போது நிரைக்கு நிரை எட்டிக் கேட்கும்படி பாட்டுப் பாடியது எல்லாவற்றையும் சொன்னார்.

இதை நான் வெகு நேரம் யோசித்தேன். வெளியிலிருந்து பார்த்து எழுதுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கண்ணுக்கு முதலில் படுவது நம் புண்தான். மருத்துவருக்கு அது இன்னும் முதலில் படும். அதை எழுதியதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் புண் மட்டுமே நாமல்லவே. அந்தச் சிரிப்பை வீட்டில் இருப்பவர்தாம் எடுத்துச் சொல்ல முடியும்.

மூன்றாவது வாரம் நம் நாட்டுக்கு வந்தோம். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'. 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைச் 'சித்திரப்பாவை'க்காகப் பெற்றவர் அகிலன். மலேசியாவுக்கு வந்து சென்ற அனுபவத்தில், நம் ரப்பர்த் தோட்ட வாழ்வைக் களமாக வைத்து இந்த நாவலை எழுதினார். பிள்ளைகளுக்கு இதில் ஒரு சிக்கல் வந்தது. அவர்கள் பிறந்து வளர்ந்தது செம்பனைக்கு நடுவில். பால்மரம் என்பது அவர்களுக்குப் பழைய கதை.

அம்மா எழுந்து உள்ளே போய் ஒரு பழைய உளியை எடுத்து வந்தார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிய வெட்ட வேண்டும் என்று காற்றிலேயே வெட்டிக் காட்டினார். பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள் சற்றுச் சாய்ந்து ஓடுவதால் அப்படி வெட்டினால் அதிக நாளங்கள் அறுபடும், பால் கூடுதலாக வரும் என்று நான் சேர்த்துச் சொன்னேன். ஆழம் போய் மரத்தில் காயம் பட்டால் புதுப் பட்டை ஒழுங்காக வளராது. மண்டோரிடம் ஏச்சு வாங்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் பால் நன்றாக ஓடும். அதனால்தான் இருட்டில் எழுந்து ஓட்டம். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் பால் மங்குக்குள் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஒட்டுப்பால், பால் வாளி, காண்டா, ஆயாக் கொட்டகை என்று அந்த வாரம் முழுவதும் சொற்கள் வந்துகொண்டே இருந்தன. பிள்ளைகள் எழுதிய பட்டியல் நோட்டில் மூன்று பக்கத்தைத் தாண்டியது.

துண்டாடல் பேச்சும் அந்த வாரத்தில்தான் எழுந்தது. நாடு சுதந்திரம் பெற்ற காலத்தையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதைத் தடுக்கத்தான் நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பால் வெட்டியவர்கள் சேர்ந்து தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆன கதை இது. எங்கள் தாத்தாவும் அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியவர்தாம் என்று அம்மா சொன்னபோது ஆறு பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நான்காவது வாரம் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. ஆசிரியராகப் பணியாற்றிய நம் மலேசிய எழுத்தாளர். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட நம் மக்களைப் பற்றிய நாவல். இதே துயரத்தை ஆர். சண்முகமும் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலில் எழுதியிருக்கிறார்.

ஜப்பானியர் காலத்தில் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போடப்பட்டது. 1942ஆம் ஆண்டு தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளம் இணைந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பிறகு லாரியில் பிடித்து ஏற்றியும் கொண்டுபோனார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் மலைக்காய்ச்சலிலும் மடிந்த தமிழர்கள் பல்லாயிரம் பேர். 1957ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆங்கிலப் படம் அந்தப் பாதையை உலகுக்குக் காட்டியது. அது வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கதை. காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் இன்றும் வரிசையாக, பெரும்பாலும் பெயர் பொறித்த பலகையோடு பேணப்படுகின்றன. அது முறைதான், அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. ஆனால் காட்டோரத்தில் குழி வெட்டிப் புதைக்கப்பட்ட நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு பலகை இல்லை.

அந்த வாரம் அம்மா அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள், வாசித்துக்கொண்டிருந்த பையனின் முதுகில் கை வைத்து நிறுத்தினார். "எங்க பெரியப்பா ஒருத்தர் போனாரு. வரவே இல்லை" என்றார்.

"அவர் பேரு என்ன பாட்டி?"

அம்மா சொன்னார். பையன் நோட்டில் எழுதினான். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதே என்று மறுபடியும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டான்.

நேயர்களே, அந்தப் பெயர் எங்கள் குடும்பத்தில் ஒரு தாளில் ஏறியது அன்றுதான். இத்தனை ஆண்டுகள் அது அம்மாவின் நாக்கில் மட்டுமே இருந்தது. அதற்கு முன் அம்மாவைப் பெற்றவர் நாக்கில் இருந்தது. ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் கேட்டிராவிட்டால் அம்மாவோடு போயிருக்கும்.

இந்த ஒரு மாதத்தில் நான் கண்டதை இரண்டு செய்திகளாகச் சொல்கிறேன்.

முதலாவது, வாசிப்பைப் பற்றியது. வகுப்பில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் திக்கித் திணறும் பிள்ளை இரண்டு பேர் அந்த ஆறு பேரில் உண்டு. மாதக் கடைசியில் அவர்களின் வாசிப்பில் தெளிவு வந்திருந்தது. நான் தனியாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. வகுப்பில் ஆசிரியர் பிழை பிடிக்கக் காத்திருக்கிறார்; அஞ்சடியில் பாட்டி மிச்சக் கதைக்குக் காத்திருக்கிறார். பிழைக்குக் காத்திருப்பவர் முன் நாக்கு தடுமாறும். கதைக்குக் காத்திருப்பவர் முன் நாக்கு ஓடும்.

இரண்டாவது, புத்தகத்துக்கும் வீட்டுப் பெரியவருக்கும் உள்ள உறவு. ஆண்டு, சட்டம், கப்பல், போர் இவையெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். வாந்தி எடுத்த வயிறும், பாய் தூக்கி ஓடிய இரவும், வராமல் போன பெரியப்பாவும் புத்தகத்தில் கிடைக்க மாட்டார்கள். சும்மா உட்கார்ந்து, "பாட்டி, பழைய கதை சொல்லுங்க" என்றால், "என்னத்தைச் சொல்றது, பட்ட பாடுதான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்துவிட்டு, "இப்படித்தான் இருந்ததா பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லை" என்பதற்காகவாவது வாய் திறப்பார்கள். அந்த "இல்லை"யில்தான் நம் வரலாறு இருக்கிறது.

நம்மவர் வரலாற்றை நம்மவர் எழுத ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்கலாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் பெயருக்கு ஒரு கொட்டகை. ஓய்ந்த நேரத்தில் கங்காணியோ கிராணியோ வந்து சொல்லிக்கொடுப்பார். அப்படித் தொடங்கிய பள்ளிகள் 1957இல் 888 ஆக இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மூடப்பட்டும் மக்கள் பட்டணம் போகப் போக, இன்று 500க்குச் சற்று மேல் நிற்கின்றன. ஒரு தோட்டம் மூடினால் லயம் போகிறது, பள்ளி போகிறது, சில இடங்களில் கோவிலும் போகிறது. அங்கே வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு அடுக்குமாடி வீட்டில் போய் ஒடுங்கிவிடுகிறார்கள். புத்தகத்தைக் கேட்டு, "ஆமாம், இப்படித்தான்" என்றோ, "இல்லை" என்றோ சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். பாடத்தை அடுத்த ஆண்டும் படிக்கலாம். இதைத் தள்ளிப்போட முடியாது.

"எங்களுக்கு நேரம் ஏது டீச்சர்?" என்பீர்கள். நீங்கள் வாசிக்க வேண்டாம். பிள்ளை வாசிக்கட்டும், பெரியவர் கேட்கட்டும். நீங்கள் அடுப்படியிலிருந்து காது கொடுத்தால் போதும். நாளுக்கு அரை மணி நேரம், ஐந்தாறு பக்கம்.

"புத்தகத்துக்கு எங்கே போவது?" என்பீர்கள். நம் முன்னோர் பலர் விட்டு வந்த தஞ்சைச் சீமையில், மன்னார்குடியில், 1931ஆம் ஆண்டு கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் அதைத் தொடங்கி வைத்தார். படிக்கத் தெரிந்தவர் அரிதாக இருந்த காலத்தில், வண்டி போன ஊர்களில் புத்தகத்துக்கு ஆள் இருந்தது. நம் கையில் இன்று மோட்டார் சைக்கிளே இருக்கிறது. ஐந்து குடும்பம் சேர்ந்து ஆளுக்கு ஒரு புத்தகம் வாங்கி மாற்றிக்கொண்டால் ஐந்து மாதத்துக்குக் கவலை இல்லை. பள்ளி நூலகத்தில் கேளுங்கள். ஊர் நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கேட்பார் இல்லாத புத்தகத்தை எந்த நூலகமும் வாங்காது.

ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் அவசியம். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'புத்தகம் சொன்னது', வலப்பக்கம் 'பாட்டி சொன்னது' அல்லது 'தாத்தா சொன்னது'. பிள்ளை தன் கையாலேயே எழுதட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும். மாதக் கடைசியில் எங்கள் நோட்டில் வலப்பக்கம்தான் நிறைந்திருந்தது.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி வையுங்கள். உங்கள் குடும்பத்தில் கப்பலேறி வந்தவர், சயாமுக்குப் போனவர், பத்து வெள்ளி கட்டியவர் ஆகியோரின் பெயர்களை அதில் எழுதுங்கள். ஊர் தெரிந்தால் ஊர், தோட்டம் தெரிந்தால் தோட்டம். தெரிந்தவரைக்கும் போதும். வரும் விடுமுறை வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே பெரியவர் பக்கத்தில் பிள்ளையை உட்கார வையுங்கள்.